கழுத்தில் சாவி

படகு இஞ்சின் வேலை படிப்பதற்காக மீராசா மேஸ்திரியின் பட்டறைக்குக் கஸ்பார் போன அன்று துறைமுகத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. சீடருக்கு வயது அறுபதை ஒட்டி. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

"பேரனைச் சேத்துவிட வந்தியளா அண்ணாச்சி?" என்று பட்டறையில் வெல்டிங் செய்யும் பெருமாள் கேட்டான்.

கஸ்பாருக்குப் பேரன் என்று ஒருவன் இனிமேல் பிறக்கப்போவதில்லை என்பது கேட்ட பிறகுதான் பெருமாளுக்கு உறைத்தது. கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வேலையில் குனிந்துவிட்டான்.

கஸ்பாரின் ஒரே மகன் கிளாட்வின் கடலோடு போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. அவன் ஓட்டிய வள்ளம் கரையில் கிடந்தது. அதை ஓட்ட ஆள் கேட்டுக் கஸ்பார் பக்கத்து ஊர்கள் வரைக்கும் அலைந்தார். ஆளை வாங்கின வள்ளம் என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஒருவரும் ஏறச் சம்மதிக்கவில்லை.

"பாய் விரிச்சு ஓட்டுன காலத்து ஆளு நான்," என்றார் மேஸ்திரியிடம். "வலை தெரியும். கடல் தெரியும். இஞ்சின் மட்டும் தெரியாது. அதை அவன் பாத்துக்கிட்டான். நீங்க சொல்லிக்குடுத்தா நானே ஓட்டிக்கிடுவேன்."

மீராசா கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"துறைமுகத்துல வேற மெக்கானிக்கும் இருக்காங்க."

"அவனும் உங்ககிட்டதான படிச்சான்."

மேஸ்திரி மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

கஸ்பார் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி ஒரு கேள்வி. அதைக் கேட்கத்தான் அவர் அந்தப் பட்டறைக்கு வந்தார்.

நடந்தது ஊருக்கே தெரியும். கிளாட்வினும் சூசையும் இன்னொருவரும் வலை வளைக்கப் போயிருந்தார்கள். போகிற வழியில் இஞ்சின் சூடேறியது. கிளாட்வின் உடனே நிறுத்தினான். கடல் தண்ணீர்தான் அந்த இஞ்சினைக் குளிர வைக்க வேண்டும். வள்ளத்தின் அடியில் இருக்கும் வாய் வழியாக அது உள்ளே வரவேண்டும். வாயை ஏதோ அடைத்துக்கொண்டது என்று கண்டுபிடித்து, எடுத்துவிட அவனே இறங்கினான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை சூசையின் கையில். இஞ்சின் சாவி கிளாட்வினின் கழுத்தில்.

சாவியைக் கழுத்தில் மாட்டுவது மீராசா மேஸ்திரி வைத்த வழக்கம். வள்ளத்துக்கு அடியில் யார் இறங்குகிறாரோ அவரோடு சாவியும் இறங்க வேண்டும். மேலே இருப்பவர்கள் அவசரத்திலோ மறதியிலோ இஞ்சினைப் போட்டுவிட்டால் கீழே இருக்கிறவர் வள்ளத்தைத் தள்ளும் காற்றாடியில் அகப்படுவார். அதனால் வள்ளத்தில் ஒரே சாவிதான் இருக்க வேண்டும், மாற்றுச் சாவி வீட்டில் இருக்க வேண்டும் என்பார் மேஸ்திரி. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கீழே கயிறு காற்றாடியில் சுற்றியிருக்கிறது. கிளாட்வின் இடுப்பு முடிச்சை அவிழ்த்திருக்கிறான். வேறு வழி இருந்திருக்காது. சூசை இழுத்தபோது கயிறு ஒரு நொடி சிக்கிக்கொண்டு நின்றது, பிறகு சட்டென்று லேசாக வந்தது. நீவாடு என்று அவர்கள் சொல்லும் கடலோட்டம் அன்றைக்குப் பலமாக இருந்தது. கிளாட்வின் தலை தூக்கியபோது வள்ளத்துக்கும் அவனுக்கும் நடுவில் நிறையக் கடல் இருந்தது.

சூசை சுவிட்சுக்கு ஓடினான். அங்கே சாவி இல்லை.

கயிறு வீசினார்கள். எட்டவில்லை. மிதவைகளை வீசினார்கள். துடுப்புப் போட்டார்கள். காற்று எதிர்ப்பக்கம் தள்ளியது.

"ரொம்ப நேரம் தெரிஞ்சான் மாமா," என்று சூசை அன்று கஸ்பாரிடம் சொன்னான். அதற்குப் பிறகு கஸ்பார் அவனிடம் பேசவில்லை.

வள்ளத்தைக் கட்டி இழுத்துவந்த பிறகு வீட்டிலிருந்த மாற்றுச் சாவியைப் போட்டு மேஸ்திரிதான் இஞ்சினைத் திருகினார். முதல் திருகலில் பிடித்துக்கொண்டது. பின்பக்கக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கிளாட்வின் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். என்ன அடைத்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. கடல் அதையும் கொண்டுபோய்விட்டது.

அவன் உடம்பு தெற்கே வேறொரு ஊரில் ஒதுங்கியது. சாவி கழுத்திலேயே இருந்தது. அதை ஒரு காகிதப் பையில் போட்டுக் கஸ்பாரிடம் கொடுத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு தகப்பனுக்கு என்ன கேள்வி மிச்சமிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாடம் கஸ்பாரின் வள்ளத்திலிருந்து கழற்றிப் பட்டறையில் வைத்திருந்த இஞ்சினிலிருந்து தொடங்கவில்லை. துறையில் கட்டியிருந்த வேறொருவருடைய வள்ளத்தில் தொடங்கியது. அதன் இஞ்சின் ஓட்டத்தில் சூடேறுவதாகப் புகார். மேஸ்திரி இஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானியின் முள் ஏறுவதைக் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

கஸ்பார் வாளியில் கடல் தண்ணீரை மொண்டு இஞ்சின் தலையில் ஊற்றப் போனார். துறைமுகத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.

"காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போடுத மாதிரியா?" என்று கையைப் பிடித்தார் மேஸ்திரி. "சூடா இருக்கிற இரும்புல ஊத்தினா வெடிச்சுப் போகும் அண்ணாச்சி. சூட்டைப் பாக்காதிய. தண்ணியைப் பாருங்க."

"எந்தத் தண்ணியை?"

"வெளியே போறதை முதல்ல பாருங்க. பொறவு உள்ள வர்ற இடத்துக்குப் போங்க. அங்கேயிருந்து தண்ணிகூடவே நடந்து வாங்க."

பின்பக்கக் குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தது. அடி வாய், அதை மூடித் திறக்கும் வால்வு, வடிகட்டி, பம்பு, பம்புக்குள் ரப்பர் இதழ்களோடு சுழலும் சக்கரம், அதற்குப் பிறகு கூலர். தண்ணீர் போகிற வழி அவ்வளவுதான். அன்றைக்கு ரப்பர் சக்கரத்தில் ஓர் இதழ் ஒடிந்திருந்தது. கஸ்பார் புதுச் சக்கரத்தை எடுத்து நீட்டினார்.

"ஒடிஞ்ச இதழ் எங்க?" என்றார் மேஸ்திரி.

"அதான் போயிட்டே."

"எங்கயும் போகாது. உள்ளதான் இருக்கும். இதை மாட்டிட்டுப் போனா, போன இதழு திரும்ப அடைக்கும்."

கூலரின் குழல் வாயில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. கஸ்பார் அதை விரலால் நோண்டி எடுத்துப் பார்த்தார். பிறகு எறிந்துவிட்டார்.

சில வாரங்கள் போயின. கை பழகிவிட்டது. ஒருநாள் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கஸ்பார், "மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்," என்றார்.

"இஞ்சினைப் பத்தியா?"

"சாவியைப் பத்தி."

மீராசா நிமிரவில்லை. "அது ரொம்பத் தள்ளி இருக்கு அண்ணாச்சி. நாம இன்னும் வடிகட்டிகிட்டதான் நிக்கோம்."

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. தன்னைவிட இளையவன், பதில் தெரியாமல் நழுவுகிறான் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், இனி அங்கே போவதில்லை என்றார். அந்த அம்மா காலையில் சோற்றுத் தூக்கை மட்டும் எடுத்துவைத்தார். கஸ்பார் போனார்.

அவருடைய வள்ளத்தைக் கட்டைகளின்மேல் ஏற்றி அடிப்பாகத்தைச் சுத்தம் செய்தார்கள். கஸ்பார் மல்லாந்து படுத்து, தண்ணீர் வாயில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காற்றாடி அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே பெருமாள் சொல்லாமல் கொள்ளாமல் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை ஓடவிட்டான்.

வள்ளம் முழுக்க அதிர்ந்தது. கஸ்பார் காலை இழுத்துச் சுருண்டார். நெற்றி பலகையில் மோதிக் காயமானது.

"கரையிலதான கெடக்கிய? கிரைண்டருக்கா இந்தப் பயம்?" என்று பெருமாள் மேலிருந்து சிரித்தான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. போய்க் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கினார். ஒயரின் முனையைக் கொண்டுவந்து கஸ்பாரின் கையில் கொடுத்தார். வேலை முடியும்வரை கஸ்பார் அதை இடது கையில் பிடித்துக்கொண்டே சுரண்டினார். ஏன் பிடித்திருக்கிறோம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

அதே வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் இஞ்சின் பழுது பார்த்துக்கொண்டு கிளம்பினார். மேஸ்திரி அவரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். குழாயில் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். அடியில் இறங்கினால் இடுப்பில் கயிறு, கழுத்தில் சாவி.

பட்டறைத் தரையில் ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னும் அதையே சொல்லுதியளா?" என்றார் கஸ்பார்.

வெளியூர்க்காரர் விழித்தார். பெருமாள் வேலையை நிறுத்தினான். கஸ்பார் மேஸ்திரியை நெருங்கி வந்தார். தன் மகனுக்கும் இதைத்தானே சொன்னீர்கள் என்றார். அவனும் சொன்ன சொல் தட்டாமல் செய்தானே என்றார். சாவி மேலே இருந்திருந்தால் வள்ளம் ஓடியிருக்குமே, போய்த் தூக்கியிருப்பார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். இத்தனை நாள் நெஞ்சுக்குள் வரிசையாக அடுக்கிவைத்திருந்த கேள்வி, வாய்க்கு வந்தபோது வரிசையில்லாமல் வந்தது.

மீராசா முழுவதையும் கேட்டார்.

"ஆமா. ஓடியிருக்கும்," என்றார்.

அந்தப் பதிலைக் கஸ்பார் எதிர்பார்க்கவில்லை.

"நான்தான் திருகிப் பாத்தேன். முதல் திருகல்ல பிடிச்சுது. அந்தச் சத்தம் எனக்குத் தெனமும் கேக்கு." மேஸ்திரி வெளியூர்க்காரரைக் காட்டினார். "இவர்கிட்ட நான் வேற என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுததைச் சொல்லுதேன்."

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். கஸ்பார் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

வள்ளம் கடலில் இறங்குகிற நாள் வந்தது. கிளாட்வின் கழுத்திலிருந்து வந்த சாவியையே கஸ்பார் கொண்டுவந்திருந்தார். அதே கறுப்புக் கயிறு. முதல் ஓட்டத்துக்கு மேஸ்திரியும் வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் சூசை வந்து கரையில் நின்றிருந்தான். கஸ்பார் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஏறுடே," என்றார் மேஸ்திரி. ஏறிக்கொண்டான்.

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டார். மேஸ்திரி பிஸ்மி சொன்னார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

கரை மெலிந்து கோடாகும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு முள் ஏறத் தொடங்கியது.

கஸ்பார் முள்ளைப் பார்த்தார். உடனே பின்பக்கம் திரும்பிக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் சொட்டாகத்தான் விழுந்தது. இஞ்சினை நிறுத்தினார். மேஸ்திரி வலைக்குவியலின்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வால்வை மூடி, வடிகட்டியின் மூடியைக் கழற்றினார் கஸ்பார். உள்ளே குப்பை இல்லை. வால்வைத் திறந்துவிட்டார். வடிகட்டிக் கிண்ணத்தில் கடல் பொங்கி ஏற வேண்டும். ஏறவில்லை.

"பம்பைக் கழத்தலையா?" என்றார் மேஸ்திரி.

"தண்ணியே உள்ள வரலை. பம்பு என்ன செய்யும்? அடியில வாய் அடைச்சிருக்கு."

மேஸ்திரி எழுந்தார். "நான் சொல்லிக்குடுக்க இனிமே ஒண்ணுமில்லை," என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

தானே இறங்குவதாகக் கஸ்பார் சொன்னார். இந்த வயதில் மூச்சு நிற்காது என்று மேஸ்திரி மறுத்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையைச் சூசையிடம் கொடுத்தார். சூசை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு மேஸ்திரி சுவிட்சிலிருந்து சாவியை உருவினார். கழுத்தில் மாட்டவில்லை. கஸ்பாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்."

கஸ்பார் அவரைப் பார்த்தார்.

"நீவாடு என்னை இழுத்துட்டுன்னா, இஞ்சினைப் போட்டு வந்து தூக்குங்க," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கினார்.

சாவி கஸ்பாரின் கையில் இருந்தது. ஒரு வருஷமாக, விழித்திருந்த நேரமெல்லாம், அது இப்படி வள்ளத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது இருந்தது.

அவர் சூசையைப் பார்த்தார். சூசை கயிற்றைப் பிடித்திருந்தான். ஆனால் கயிற்றைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. கஸ்பாரின் கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை. கயிறு ஒரு தடவை லேசானால் போதும், அவன் பாய்ந்து வந்து பிடுங்கித் திருகிவிடுவான் என்பது அவன் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கீழே மேஸ்திரியின் கை காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்தாலும் திருகிவிடுவான்.

கஸ்பார் தன் கையைப் பார்த்தார். அது சுவிட்சுக்குப் பக்கத்தில் போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மேஸ்திரி."

மீராசா மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கப் போனவர், நின்றார்.

கஸ்பார் முட்டி போட்டு ஓரத்தில் குனிந்தார். கறுப்புக் கயிற்றை விரித்து மேஸ்திரியின் ஈரத் தலை வழியாகக் கழுத்தில் மாட்டினார். கிளாட்வினுக்குச் சிறு வயதில் கோயிலில் புதுநன்மை கொடுத்த அன்று ஜெபமாலை மாட்டிவிட்ட பிறகு வேறு யார் கழுத்திலும் அவர் எதையும் மாட்டியதில்லை. சாவி நெஞ்சில் சரியாக விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

மேஸ்திரி மூழ்கினார்.

வள்ளத்தின் அடியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு உரசும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கயிறு சூசையின் கையில் இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. கஸ்பார் அவன் பக்கத்தில் போய் நின்றார். கயிற்றைத் தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி தலை தூக்கினார். கையில் ஐஸ் கட்டி வாங்கிப்போகும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று, கிழிந்து, கரும்பச்சையாக இருந்தது. இருவருமாக அவரை மேலே இழுத்தார்கள். வடிகட்டிக் கிண்ணத்தில் கடல் தண்ணீர் ஏறி நின்றது.

மேஸ்திரி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கஸ்பாரிடம் கொடுத்தார். சாவி நனைந்திருந்தது. கஸ்பார் அதைத் துடைக்கவில்லை.

"இப்ப நீவாடு உங்களை இழுத்திருந்தா," என்றார். "நாங்க என்ன செஞ்சிருப்போம்?"

மீராசா கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"கயிறு வீசியிருப்பிய. துடுப்புப் போட்டிருப்பிய. கத்தியிருப்பிய." தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நான் ரொம்ப நேரம் தெரிஞ்சிருப்பேன் அண்ணாச்சி."

சூசை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வள்ளம் ஆடியது. கஸ்பார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சூசையின் பக்கமாக நீட்டினார்.